காக்கிச் சட்டைக்காரனும் காணாமல் போன டைனமோவும்

"ஜீப்பு ஓடும் அண்ணே. ஆனா நிக்காது" என்றாள் ஷைஜா.

வாயில் போட்ட நேந்திரங்காய் சிப்ஸை மெல்லாமல் நிறுத்தினாள் பிந்து. இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு சிப்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது ‘தாணுலிங்கம் துப்பறியும் நிலையம்’. அங்கே பிந்துதான் உதவியாளர், வரவேற்பாளர், கூட்டிப் பெருக்குபவர், முதலாளி தூங்கிவிட்டால் எழுப்புபவர். மாப்பிள்ளை குடிப்பாரா, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினாரா, கோயில் வாசலில் கழற்றிவிட்ட புதுச் செருப்பு யார் காலில் ஏறிப் போனது என்று எத்தனையோ கேஸ் பார்த்துவிட்டாள். நிற்க மாட்டேன் என்கிற ஜீப்பை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

"அதுக்கு மெக்கானிக்கையில்லா விளிக்கணும்? நாங்க என்ன, ஓடுத ஜீப்புக்கு முன்னால போயி கையக் காட்டணுமா?"

"மக்கா, கட்சிக்காரங்க பேசும்போ குறுக்க விழாத" என்றார் தாணுலிங்கம், கண்ணைத் திறக்காமல். கண்ணை மூடினால் மூளை திறக்கும் என்பது அவர் சொல்லிக்கொள்வது. பாதி நேரம் அது உறக்கம் என்பது பிந்துவுக்குத் தெரிந்தது.

ஷைஜா திற்பரப்புக்காரி. முப்பது வயது இருக்கும். நகக்கண்ணில் கிரீஸ், கண்ணில் அழுகை, இரண்டையும் மறைக்கத் தெரியாத பெண். அவள் சொன்ன கதை இதுதான். அப்பா விட்டுப்போன சொத்து ஒரு பழைய டீசல் ஜீப். வயதில் அவளைவிட மூத்தது. ரப்பர் தோட்டத்து மேட்டில், வேறு எந்த வண்டியும் ஏறாத பாதையில் அது மட்டும் ஏறும். அருவிக்கு வருகிற ஆட்களை அதில் ஏற்றி மலைப்பாதை காட்டினால் நன்றாகப் பிழைத்துக்கொள்வேன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் மண்ணைப் போட வந்து சேர்ந்தான் அண்ணன் சுந்தர்சிங். கல்ஃபில் செக்யூரிட்டி வேலை, லீவில் வந்திருக்கிறான். வந்த கையோடு புதுக் கார் வாங்கிவிட்டான். காரை நிறுத்த ஷெட் வேண்டும். ஷெட்டில் ஜீப் நிற்கிறது.

"அது ஜீப்பு இல்ல, இரும்புன்னு சொல்லுகான் அண்ணே. எனக்க அப்பாக்க ஜீப்ப!" ஷைஜா மேசையைத் தட்டினாள். "கடைசியில ஒரு பேச்சு முடிவாச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மேட்டுல உள்ள ஷெட்டுலேருந்து ஜீப்பு தானா ஓடி இறங்கி, கேட்டு முன்னால வந்து நிக்கணும். நின்னா ஜீப்பும் ஷெட்டும் எனக்கு. இல்லேன்னா பழைய இரும்பு எடுக்குத ஆக்கர் கடை செல்வனுக்க லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும். அடுத்த நாள் துண்டு துண்டா வெட்டிருவான்."

"ஏன் நிக்காது?" என்று கேட்டாள் பிந்து. இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"டைனமோ இல்ல."

கடைக்காரர்கள் அதை ஆல்டர்னேட்டர் என்பார்கள். ஊரில் எல்லாருக்கும் அது டைனமோதான். பேட்டரிக்குக் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. ஆனால் ஷைஜாவின் ஜீப்பில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. டைனமோவின் முதுகில் ஒரு பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றினால்தான் பிரேக் பிடிக்கும். பம்ப் இல்லாத டைனமோ எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பம்ப் உள்ளதை, அதிலும் இந்த ஜீப்புக்குச் சேர்கிற அளவில் உள்ளதைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது.

"பழைய டைனமோ எங்க?"

"உள்ள தேஞ்சுபோன பிரஷ்ஷ மாத்தணும்னு கழட்டி ஷெட்டுல வச்சிருந்தேன். போன மாசம் அண்ணன் ஷெட்ட கூட்டிப் பெருக்குனான். அதுக்குப் பிறகு காணல. கேட்டா ‘நான் கண்டேனா’ங்கான். குலசேகரம் முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கல."

தாணுலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "குற்றவாளி உங்க அண்ணன்."

"சாரே, அவங்க இன்னும் கேஸையே சொல்லி முடிக்கல."

"நான் முடிச்சாச்சு" என்று அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார். "தங்கச்சிக்கு டைனமோ கிடைக்கக் கூடாதுன்னு மாவட்டம் முழுக்க ஆள் வச்சு வாங்கிப் பதுக்குகான். பதுக்குறதுக்கு முன்னால நாம போயி ஒண்ணு பிடிக்கணும். பிந்து, போனை எடு."

பிந்து எடுத்தாள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நான்குக்கும் வரிசையாக விளித்தாள். பம்ப் வைத்த டைனமோ, இந்த ஜீப், ஒற்றைப் பெல்ட், உயிர் போகிற அவசரம் என்று ஒவ்வொருவரிடமும் மூச்சு விடாமல் சொன்னாள். நாலு கடைக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "இருக்கு, வாங்க."

"நாலு இருக்கு சாரே! பதுக்கலும் இல்ல, ஒரு புண்ணாக்கும் இல்ல. ஒண்ணு வாங்கிக் குடுத்தா கேஸ் முடிஞ்சு. மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

ஷைஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பைத் தயார்ப்படுத்தத் திற்பரப்புக்குக் கிளம்பினாள். மற்ற இருவரும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார்கள். துப்பறிகிறவன் பஸ்ஸில்தான் போக வேண்டும், அப்போதுதான் ஊர் பேச்சு காதில் விழும் என்பது தாணுலிங்கத்தின் கொள்கை. அவருடைய ஸ்கூட்டர் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது என்பது வேறு விஷயம்.

வடசேரியில் பகவதியப்பனின் கடை. கல்லாவுக்குப் பின்னால் பகவதியப்பன், அவருக்குப் பின்னால் உத்திரம் வரை டப்பாக்கள். மனிதர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், சாயா சொன்னார். "இல்லை" என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே அரை மணி நேரம் பேசினார்.

"அண்ணாச்சி, டைனமோ" என்று மூன்றாவது முறை கேட்டாள் பிந்து.

"இருந்துச்சு மக்களே. இந்தா, இப்பத்தான் ஒரு பார்ட்டி கையோட கொண்டு போயிட்டு. அவசரம்னாங்க. உங்களுக்கென்ன, இதைப் போடுங்க." ஒரு பளபளப்பான டைனமோவை எடுத்து மேசையில் வைத்தார். "அரத்தால லேசா ராவிவிட்டா உக்காந்திரும்."

"இதுல பம்ப் எங்க?"

"பம்ப் எதுக்கு? பைய ஓட்டுனா போதாதா?"

"இறக்கத்துல பைய ஓட்டச் சொல்லி ஜீப்புகிட்ட நீங்க பேசுகீங்களா?"

பகவதியப்பன் நெளிந்தார். யார் அந்தப் பார்ட்டி என்றால் தொழில் ரகசியம் என்றார். "காலையில ‘இருக்கு வாங்க’ன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமா? பொம்பளப் பிள்ளைக்க பிழைப்பு அண்ணாச்சி அது!" என்று பிந்து பிடித்த பிடியில் வியர்த்துப்போனார். "பிந்துன்னுதானே பேரு? சாயங்காலத்துக்குள்ள எப்படியும் ஒண்ணு உங்களுக்கு எடுத்து வைக்கேன். இது சத்தியமாக்கும்" என்று தலையில் கை வைத்தார். அவருடைய தலையில்தான்.

வெளியே சாயாக் கடைக்காரர் துப்புக் கொடுத்தார். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் கடை வாசலில் ஒரு சாக்கை வாங்கினான், அரை நிமிஷம்கூட நிற்கவில்லை, ஓடிப் போய்விட்டான்.

"காக்கி" என்று முனகினார் தாணுலிங்கம். அவர் மீசை நிமிர்ந்தது. "சுந்தர்சிங்குக்கு என்ன வேலை?"

"செக்யூரிட்டி."

"செக்யூரிட்டிக்கு என்ன சட்டை?"

பிந்துவுக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. சாயாவைக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள்.

தக்கலைக் கடையிலும் நாற்காலி, சாயா, சிரிப்பு எல்லாம் இருந்தது. டைனமோ இல்லை. "இப்பத்தான் ஒரு பார்ட்டி..." என்று கடைக்காரர் ஆரம்பித்ததுமே பிந்து எழுந்துவிட்டாள். வாசலில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"ஒரு காக்கிக்காரன் சாக்கைக் கொண்டாந்து போட்டான் மக்களே. கொஞ்ச நேரங்கழிச்சு வேற ஒரு காக்கிக்காரன் வந்து தூக்கிட்டுப் போனான். போகும்போ விசிலு வேற அடிச்சான். எனக்குத்தான் அடிக்கானோன்னு திரும்பிப் பாத்தேன். எனக்க வயசுல ஒரு ஆசைதான்."

"ரெண்டு பேர்!" தாணுலிங்கம் பூக்காரம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூட்டம் மக்கா இது. விசில்தான் அவனுகளுக்கு சிக்னல்."

"சாரே, ஒருத்தன் கொண்டு வந்து போட்டான்ங்காங்களே. வாங்கிப் பதுக்குகவன் எதுக்குக் கொண்டு வந்து கடையில போடணும்?"

"நம்மளக் குழப்பத்தான்."

"குழம்பியாச்சு. இனி அவன் வேலை முடிஞ்சு."

மார்த்தாண்டத்தில் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நசுங்கி, இஸ்ரவேலின் கடையைக் கண்டுபிடித்தார்கள். இஸ்ரவேல் பாவம், பயந்த மனிதர். பிந்துவைக் கண்டதும், பஸ்ஸில் வந்த களைப்பு தீர எலுமிச்சம்பழ வெள்ளம் வரவழைத்தார். அவரிடமிருந்த டைனமோவும் இப்போதுதான் போய்விட்டதாம். களியக்காவிளையில் நிச்சயம் இருக்கிறது, நானே விசாரித்துவிட்டேன் என்றார். டைனமோவை எடுத்துப்போன காக்கிச் சட்டைக்காரன் ஏதாவது பேசினானா என்று தாணுலிங்கம் மிரட்டிக் கேட்டதும் மனிதர் யோசித்தார்.

"என்கிட்ட ஒண்ணும் பேசல சார். போகும்போ மட்டும் ‘முன்னால ஏறுங்க, முன்னால ஏறுங்க’ன்னு சத்தம் போட்டுட்டே போனான்."

தாணுலிங்கம் ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பிந்துவின் காதருகே குனிந்தார். "முன்னால ஏறுங்க. புரிஞ்சா மக்கா?"

"இல்ல சாரே."

"ராணுவம். எதிரியப் பாத்து முன்னேறச் சொல்லுக கட்டளையாக்கும் அது. எக்ஸ்சர்வீஸ் ஆளுகள வச்சு வேலை செய்யுகான் சுந்தர்சிங்."

"ஒரு பழைய டைனமோவுக்கா?"

"பகைன்னு வந்தா சாமானுக்க வயசப் பாப்பானா?"

களியக்காவிளையில் கடைக்காரர் அனில்குமார் கையை விரித்தார். "இப்பப் போயதே உள்ளு சாரே! பத்து மினிட்டு முன்ன வந்திருந்தா கையில தந்திருப்பேன்." அந்தப் பார்ட்டி எந்தத் திசையில் போனது என்று கேட்டதற்கு, நாகர்கோவில் பக்கம் என்று கையைக் காட்டினார். அதாவது அவர்கள் வந்த பக்கம்.

எல்லை ஊரின் இரைச்சலுக்கு நடுவே பிந்து வாழைக்குலை லாரியின் நிழலில் நின்றாள். இனி விளிக்கக் கடை இல்லை. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. போனில் ஷைஜாவின் மெசேஜ் மேல் மெசேஜாக வந்திருந்தது. ‘அக்கா கிடைச்சா?’ ‘லாரி வந்தாச்சு அக்கா.’ ‘அண்ணன் சிரிக்கான்.’ மாப்பிள்ளை குடிப்பாரா என்று பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அப்பாவாக மிஞ்சியிருக்கிற ஜீப்பை நாளைக்குத் துண்டு துண்டாக வெட்டப் போகிறார்கள், நாம் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது.

"போவோம் சாரே. போயி அவ கூடவாவது நிப்போம். மார்த்தாண்டத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சா அஞ்சுக்கு முன்ன போயிரலாம்."

நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். தாணுலிங்கம் கடைசிக்கு முந்தைய சீட்டில் சாய்ந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு சாக்கு மூட்டையின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக் கண்ணை மூடினார். மூளை திறந்ததோ என்னவோ, வாய் திறந்துகொண்டது.

பிந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். படந்தாலுமூட்டில் ஒரு கூட்டம் ஏறியது.

"முன்னால ஏறுங்க, முன்னால ஏறுங்க! உள்ள எடம் கிடக்குல்லா!"

பிந்துவின் முதுகு நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பினாள். காக்கிச் சட்டை. கையில் விசில். ஒரு ஊது ஊதினான். பஸ் நகர்ந்தது.

"சாரே."

"ம்."

"ராணுவம் நம்ம பஸ்ஸுலதான் வருகு."

தாணுலிங்கம் பதறி எழுந்து மேல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். பிந்து கண்டக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். சட்டைப் பையில் பிரபின் என்று பெயர் இருந்தது.

"தம்பி, ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேருந்து சாக்கு மூட்டை ஏதாவது பஸ்ஸுல ஏத்துவீங்களா?"

"எல்லாரும்தான் ஏத்துவோம்" என்றான் பிரபின், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "ஒரு கடையில இல்லாத சாமான் அடுத்த ஊரு கடையில இருக்கும்லா. பஸ்ஸுல போட்டுவிடுவாங்க, நாங்க அங்கன இறக்கிக் குடுத்திருவோம். இன்னைக்கு ஒரு கூத்து கேளுங்க. ஒரே ஒரு சாக்கு, காலையிலேருந்து ஊர்கோலம் வருகு. நாகர்கோவில்லேருந்து தக்கலை, தக்கலையிலேருந்து மார்த்தாண்டம், அங்கேருந்து களியக்காவிளை. மார்த்தாண்டத்துலேருந்து நான்தான் கொண்டு போனேன். இப்ப நாகர்கோவிலுக்கே திரும்பிப் போகு. ஏதோ டைனமோவாம். பகவதியப்பன் அண்ணாச்சிக்க பார்ட்டிக்கு உயிர் போற அவசரமாம்."

"யாரு அந்தப் பார்ட்டி?"

"யாரோ பிந்துவாம். போன் பண்ணியே அண்ணாச்சிக்க உயிர எடுக்குகாம் அந்தப் பொண்ணு."

தாணுலிங்கம் பிந்துவைப் பார்த்தார். பிந்து தாணுலிங்கத்தைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள்.

விஷயம் இவ்வளவுதான். நாலு கடையிலும் ‘இருக்கு’ என்றார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, பகவதியப்பனிடம். இல்லை என்று சொன்னால் வந்த வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும் என்று நம்மூர்க் கடைக்காரர் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. முதலில் இருக்கு என்பார்கள், பிறகு இருக்கிற இடத்தைத் தேடுவார்கள். பிந்து போனை வைத்ததும் தக்கலைக்காரர் பகவதியப்பனிடம் கேட்டார். மார்த்தாண்டம் இஸ்ரவேல் தக்கலையில் கேட்டார். களியக்காவிளை அனில்குமார் மார்த்தாண்டத்தில் கேட்டார். பிந்துவிடம் சத்தியம் செய்துவிட்ட பகவதியப்பன் கடைசியில் களியக்காவிளையில் கேட்டார். என்ன, அடுத்த கடையில் ஒன்று இருக்கத்தானே செய்கிறது, நாம் அதை வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் தன்னிடம் இருந்ததைப் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தனக்கு முன்னால் ஓடிய அந்த மர்மப் பார்ட்டி தானேதான் என்று பிந்துவுக்கு உறைத்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது.

"சாக்கு எங்க?" என்றாள்.

பிரபின் குனிந்து பார்த்தான். "சாரே, அந்தக் காலக் கொஞ்சம் எடுங்க."

தாணுலிங்கம் எடுத்தார். சாக்குக்குள், வெள்ளிப் பெயிண்ட் மினுங்க, முதுகில் பம்ப்போடு உட்கார்ந்திருந்தது டைனமோ.

"நான்தான் பிந்து. இதைத் தாங்க" என்று பாய்ந்தாள்.

"ஆயிரம் பிந்து இருப்பாங்க அக்கா. அண்ணாச்சி சொல்லாம குடுக்க முடியாது."

பிந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். பகவதியப்பன் உடனே எடுத்தார். "எம்மா பிந்து! உங்க டைனமோவா? இந்தா, எனக்க கண்ணு முன்னால கல்லா மேல இருக்கு. துடைச்சு வச்சிருக்கேன். பைய வாங்க."

"அண்ணாச்சி, அது எங்க சாருக்க காலுக்கடியில இருக்கு."

போனில் நீண்ட நேரம் இருமல் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோ பறந்தது. திற்பரப்பு ரப்பர் தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால் செல்வனின் லாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் சுந்தர்சிங்கின் புதுக் கார், சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை. நாலு கதவையும் திறந்துபோட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, மத்தியானத்திலிருந்து பாட்டைச் சத்தமாக அலறவிட்டுச் சாய்ந்திருந்தான் சுந்தர்சிங். தங்கச்சி தோற்பதைப் பாட்டோடு பார்க்க ஆசை போலிருக்கிறது.

பிந்துவும் தாணுலிங்கமும் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறினார்கள். ஷைஜா ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மட்கார்டில் முகத்தைப் புதைத்து நின்றிருந்தாள். சாக்கைக் கண்டதும் பாய்ந்து வாங்கினாள்.

"சேருமா?" என்றாள் பிந்து. கேட்கவே பயமாக இருந்தது. நாள் முழுக்க ஓடி, கடைசியில் ஓட்டை ஒரு நூல் தள்ளி இருந்தால் என்ன செய்வது?

ஷைஜா டைனமோவை எடுத்து வைத்தாள். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தானே வழி தெரிந்ததுபோல் உள்ளே போய் உட்கார்ந்தன. பெல்ட் சரியாக விழுந்தது. வயரை முடுக்கப் போனவள் திடீரென்று நின்றாள். கட்டைவிரலால் எதையோ தேய்த்தாள். பெயிண்டைச் சுரண்டினாள். பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பிந்துவுக்குப் பகீரென்றது.

"என்ன? சேரலியா?"

"சேந்துட்டு அக்கா" என்றாள் ஷைஜா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "தள்ளி நில்லுங்க."

கீழே சுந்தர்சிங் வாட்ச்சைப் பார்த்து எழுந்தான். "ஏட்டி, அஞ்சாகப் போகு! செல்வா, கயித்தை எடு!"

மேலே ஒரு உறுமல் கேட்டது. ஒரு புகை எழுந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஜீப் தலையைக் காட்டியது. இறக்கத்தில் அது வந்த வேகத்தைப் பார்த்ததும் சுந்தர்சிங்குக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இந்த ஜீப் ஓடும், நிற்காது. அதற்கும் கேட்டுக்கும் நடுவே நிற்பது அவனுடைய கார்.

"பிரேக்கு! ஏட்டி, பிரேக்கு! எனக்க காரு!" என்று கத்திக்கொண்டு காருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றான். செல்வன் லாரிக்கு அடியில் புகுந்துவிட்டார். மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்த தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார், இந்த முறை யோசிக்க இல்லை. ஜீப் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

நின்றது.

சுந்தர்சிங்கின் வயிற்றுக்கும் ஜீப்பின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அவன் மூச்சை உள்ளே இழுத்து வைத்திருந்ததால் அந்த ஒரு சாண்.

லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்த செல்வன், ஜீப்பின் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "எம்மோ! இது நான் எடுத்துட்டுப் போன சாமானாக்கும்!"

"எதை?" என்றாள் பிந்து.

"இந்த டைனமோவ. போன மாசம் ஷெட்டுல கிடந்ததுன்னு சுந்தர்சிங் தூக்கித் தந்தாரு. நான் நாகர்கோவில்ல பகவதியப்பனுக்குப் போட்டேன். அவரு நல்லா ரிப்பேர் பண்ணி, பெயிண்ட் அடிச்சு வச்சிட்டாரு போல. கொள்ளாம்!"

எல்லாரும் சுந்தர்சிங்கைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு மேலேயே தெரிஞ்சு போச்சு" என்றாள் ஷைஜா. டைனமோவின் பின்பக்கம், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி. "நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போ வச்ச நகப்பாலிஷ். அப்பா எப்பவும் வயரை மாத்திக் குடுத்திருவாரு. அதுக்கு அடையாளம் வச்சுக் குடுத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் புள்ளியைத் துடைத்தாள். பிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் மூக்கு எரிந்தது, தூசியாக இருக்கும்.

தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். "காலையிலேயே சொன்னேன். குற்றவாளி அண்ணன்னு."

ராணுவம், சிக்னல், பதுக்கல் என்று ஒன்றுகூடச் சரியில்லை. முடிவு மட்டும் சரி. இந்த ஆளை என்ன செய்வது என்று பிந்துவுக்குப் புரியவில்லை.

"சரி சரி, வண்டிய எடு, நான் காரை எடுக்கணும்" என்று சுந்தர்சிங் விறைப்பாகக் காரில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான். கார் ‘டிக்’ என்றது. மறுபடி அமுக்கினான். அதுவும் இல்லை. மத்தியானத்திலிருந்து அலறிய பாட்டும் எப்போதோ ஓய்ந்திருந்தது. பேட்டரியில் பாடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

செல்வன் லாரியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "கயிறு வெளியதான் கிடக்கு. கட்டவா?"

சுந்தர்சிங் மூன்றாவது முறையும் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். பிறகு, யார் காதிலும் விழக் கூடாது என்பதுபோல் கேட்டான். "ஏட்டி ஷைஜா. உனக்க வண்டியிலேருந்து ஒரு வயர் குடுப்பியா?"

"இதுலேருந்தா அண்ணா?" ஷைஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் மூக்கைத் தட்டினாள். "இது இரும்புல்லா. இரும்புல கரண்ட் வருமா?"

ஆனாலும் வயரை எடுத்து மாட்டினாள். ஜீப் உறுமியது, பழைய டைனமோ சுற்றியது, புதுக் கார் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. நின்ற இடத்திலிருந்து பாட்டும் தொடங்கியது. சுந்தர்சிங் அவசரமாக அதை அணைத்தான்.

வயரைச் சுருட்டிக்கொண்டே ஷைஜா சொன்னாள். "கார வெளியவே போட்டுக்க அண்ணா. மழை வந்தா சொல்லு, ஷெட்டுலேருந்து தார்ப்பாய் எடுத்துத் தாரேன்."